அக்காவின் பென்சிலைச் சீவ வேண்டியதில்லை

அக்காவுக்குத் திமிர் அதிகம் என்று பேசியவர்களில் சிலரும் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பீர்கள். சாந்தமே உருவானவர், அதிர்ந்து பேசாதவர் என்றெல்லாம் அவரைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. திமிர் இருந்தது. அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது.

அவலூர்பேட்டைக்கு அருகே ஒரு சிற்றூரில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்த சமணக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. அப்பாவை நைனா என்போம்; அவர் காலமான பிறகு செஞ்சிக்குக் குடிவந்தோம். அறுபதுகளின் தொடக்கத்தில், ஹையர் டிராயிங் தேர்வில் தேறிய கையோடு, கட்டட பிளான் போடும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தார். வேலை என்றால் பென்சில் சீவுவது. ஆண்கள் பலகையில் வரைவார்கள். அக்கா பிளேடால் சீவி, உப்புத்தாளில் முனையைத் தேய்த்துக் கூராக்கிக் கொடுக்க வேண்டும். தனக்கும் ஒரு பலகை கேட்டபோது முதலாளி சிரித்தாராம்.

"பொழுது சாயறதுக்குள்ள சாப்புடணும்னு ஓடுற. வெளக்கு வச்சப்புறமும் உக்காந்து வரையறவனுக்குத்தாம்மா பலகை."

இருட்டிய பின் உண்பதில்லை என்பது எங்கள் வழக்கம். அதையும் விடமாட்டேன், பலகையையும் விடமாட்டேன் என்று அக்கா முடிவு செய்தார். சீவும் நேரம் மிச்சமானால் பொழுதோடு முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

புதுச்சேரியில் கடை வைத்திருந்த மாமா முதலில் ஒரு திருகு பென்சில் வாங்கித் தந்தார். திருகினால் தடித்த லெட் குச்சி வெளியே வரும்; கோடு இழுக்கும்போது உள்ளேயே ஆடும். அடுத்தது, தலையை அழுத்தினால் வாய் திறந்து குச்சியைக் கவ்விக்கொள்ளும் ரகம். பிடி உறுதிதான், ஆனாலும் முனையை உப்புத்தாளில் தேய்த்தே ஆகவேண்டும். அலுவலகத்தில் கேலி தாங்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் ஜப்பான் பென்சில் ஒன்று மாமா கைக்குக் கிடைத்தது. ஊசிபோல மெல்லிய குச்சி. ஓர் அழுத்து அழுத்தினால் கொஞ்சம் நீளும். சீவவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். முதலில் படக்படக்கென்று ஒடிந்தது. சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்து அக்கா பழகிக்கொண்டார்.

அவலூர்பேட்டை வியாபாரி ஒருவர் தன் கடைக்கு பிளான் கேட்டு வந்த நாளில், காலியாக இருந்த ஒரு பலகையின் முன் அக்கா போய் உட்கார்ந்தார். முதலாளி எழுந்திருக்கச் சொன்னார். "முடிச்சிட்டு எழுந்திருக்கறேன் சார்" என்றார் அக்கா. ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்குமுன் பிளான் முடிந்தது. முதலாளியால் அதில் குறை சொல்ல முடியவில்லை. 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் அக்கா எழுதியிருந்த தன் பெயரை மட்டும் முதலாளி ரப்பரால் அழித்தார். அக்கா மறுபடி எழுதினார். அவர் மறுபடி அழித்தார்.

"இன்னாம்மா, வேலையில இருக்கணும்னு எண்ணம் இல்லியா?"

"இருக்கணும் சார். பேரோட இருக்கணும்."

சொல்லிக்கொண்டே இன்னொரு முறை எழுதினார். வியாபாரிக்குப் பொறுமை போய்விட்டது. "வரைஞ்சவங்க பேரே இருந்துட்டுப் போவட்டும்யா. அழிச்சி அழிச்சித் தாளு கிழியப்போவுது, எனக்கு பஸ்சும் போயிடும்!"

பெயர் நின்றது. மறுநாள் முதல் பலகையும் அவருடையதாயிற்று. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன், தங்கையின் கல்யாணம் நடந்தது. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் ஊர் ஒரு கதை கட்டியது. கட்டட்டும். கடைசி மாதங்களில் அவருக்குக் கை நடுக்கம் கண்டது. உச்சுக்கொட்டிய ஒருவரிடம், "கைதான் நடுங்குது, நான் நடுங்கல" என்றார். அவர் குரல் கேட்காத வீட்டுக்குள் போகவே எனக்குப் பிடிக்கவில்லை.

மருத்துவமனையில் முறைவைத்துக் காத்திருந்த தங்கை பிள்ளைகளுக்கும், பொழுது சாயுமுன் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த மாதாகோயிலுக்குப் போகும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், ஓராண்டு நிறைவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் எங்கள் நன்றி. இந்த மலரின் அட்டையில் அக்காவின் படத்துக்குக் கீழே 'இன்னாரின் மகள், இன்னாரின் தமக்கை' என்று போடச் சொன்ன பெரியவர்களுக்கும் நன்றி. போடவில்லை. அக்காவின் பெயரும், 'பிளான் வரைவாளர்' என்பதும் மட்டுமே இருக்கின்றன. அழிக்க விரும்புகிறவர்கள் என்னிடம் வரலாம்.

— தம்பி