கருவில் இருக்க வேண்டியது

எண்பதுகள்ல, நல்லம்பள்ளிப் பக்கத்துல எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு மஞ்சளாச்சு. மாமியார் கீழாநெல்லியை அரைச்சு மோருல கலக்கிக் குடுத்தாங்க. அப்புறம் அவர் மூத்திரத்துல சோத்துப் பருக்கையைப் போட்டுப் பார்த்தாங்க. பருக்கை மஞ்சளாகல. "காமாலை எறங்கிப்போச்சு"ன்னு அவரும் ஏரோட்டப் போயிட்டார். ஆஸ்பத்திரியில ரத்தத்தைச் சோதிச்சுப் பார்க்கலாம்னு நான் கரடியாக் கத்தினேன். யாரு கேட்டா?

வயிறு வீங்கினப்புறம்தான் கேட்டாங்க. பொம்மிடியில ரயிலேறி சேலம் போனோம். ரத்தம் எடுத்து அனுப்பினாங்க. மறுபடி போனப்போ டாக்டர் எங்களை உட்காரவெச்சுச் சொன்னார். ஈரல்ல கிருமி ரொம்ப வருசமா இருந்திருக்குது, இப்போ புத்துநோய் வந்திருக்குது. "கருவுல இருக்கற குழந்தையோட ஈரல்ல ஒரு சத்து ஊறும். பொறந்தப்புறம் அது வத்திப்போகும். ஈரல்ல புத்து வந்தா மறுபடி ரத்தத்துல தலைகாட்டும். உங்களுக்கு அது எக்கச்சக்கமா இருக்குதுங்க."

நான் அப்போ ஆறு மாசம். என் வயித்தையும் தன் வயித்தையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு அவர் சிரிச்சார். வூட்டுக்கு வந்து அம்மாகிட்ட, "எனக்குள்ளயும் புள்ளயோட சத்து இருக்குதாம்மா. நானும் முழுகாம இருக்கேன்"னார். பாவி மனுசன், அதுல என்ன வெளையாட்டு! பொறக்கற புள்ளையை ஒரு தடவை பார்த்துட்டாப் போதும்னு நான் கும்பிடாத சாமியில்ல.

பார்க்கல. அவரோட காரியம் முடிஞ்ச கையோட எனக்கு வலி கண்டது. பொண்ணு.

மாமியார் குழந்தையைத் தொடல. "அப்பன முழுங்கிட்டுப் பொறந்தவ"ன்னாங்க. ஊர்ல சொல்ற பேச்சுதான். ஆனா அவங்க டாக்டரையே சாட்சிக்கு இழுத்தாங்க. "இவ வயித்துல இருந்த கருவோட சத்துதான் எம்மவன் ரத்தத்துல ஏறுச்சு. டாக்டரே சொன்னாராம்!" பார்க்க வந்த சனமெல்லாம் தலையாட்டுச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

சேலத்துல அன்னிக்கு எங்க வூட்டுக்காரரை வெளிய அனுப்பிட்டு டாக்டர் என் ரத்தத்தையும் எடுத்திருந்தார். எனக்குக் கிருமி இல்லைன்னு வந்தது. அவருக்குப் பெரும்பாலும் பொறக்கும்போதே பெத்தவகிட்டயிருந்து வந்திருக்கும்னார். அந்தப் பேச்சு என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பெத்த மகனை மண்ணுக்குக் குடுத்துட்டு உக்காந்திருக்கறவங்ககிட்ட அதை எப்படிச் சொல்ல? குழந்தையைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வூட்டுக்குப் பஸ் ஏறினேன். மாமியார் சாகற வரைக்கும் அவங்களுக்கு என் பொண்ணுதான் கொலைகாரி.