தோசைக்கல்லில் தேர்வான ரப்பர்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம், பெயிண்டுக்கு வேண்டிய தின்னர் காய்ச்சி வடிக்கிற கம்பெனியில் அருள்நாதன்தான் கெமிஸ்ட். எண்பத்து மூன்றில் அங்கே ஜி.சி. என்ற பரிசோதனை மெஷின் வந்து இறங்கியதிலிருந்து அவர் கால் தரையில் பாவவில்லை. சரக்கில் ஒரு சொட்டை ஊசியால் உள்ளே செலுத்தினால், அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பேனா சார்ட் பேப்பரில் மேடு மேடாக வரைந்துகாட்டும். ஒவ்வொரு மேடும் ஒரு பொருள்.

ஊசி நுழைகிற வாயை மூடியிருப்பது செப்டம் என்ற சின்ன ரப்பர் வில்லை. உள்ளே இருநூற்றைம்பது டிகிரி சூடு. அதைத் தாங்குகிற வில்லைகள் மெஷினோடு ஒரு பாக்கெட் வந்தன. அருள்நாதன் அதைப் பட்டுப்புடவை மாதிரி பீரோவில் பூட்டிவிட்டார். குத்திக் குத்தித் தூக்கிப்போடுகிற ரப்பருக்கு சீமைச் சரக்கா? ஆஸ்பத்திரியில் எறிகிற ஊசிமருந்துப் புட்டியின் ரப்பர் மூடி, சைக்கிள் ட்யூப், குக்கர் கேஸ்கெட் எல்லாவற்றையும் வட்டமாக வெட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார். எது சூடு தாங்கும் என்று பார்க்கத் தோசைக்கல் இருக்கிறதே!

"இன்னாங்க இது, தோசை ஊத்துற கல்லுல டயரப் போட்டு சுட்டுக்கினு?" என்று மனைவி கிளாரா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"ஆராய்ச்சி. உனக்குப் புரியாது."

"நாத்தம் நல்லாவே புரியுது."

ட்யூப் இளகியது. கேஸ்கெட் கருகியது. புட்டி மூடி மட்டும் அசையாமல் கிடந்தது. அதற்கே மாலை மரியாதை. உருகாத ரப்பரும் சூட்டில் கண்ணுக்குத் தெரியாமல் ஆவி விடும், அந்த ஆவியையும் மெஷின் சரக்கோடு சேர்த்து எழுதிவிடும் என்று யோசிக்க மனுஷனுக்கு நேரமில்லை. சிக்கனத்தைப் பற்றி மேனேஜர் பலராமனிடம் பீற்றிக்கொள்ளவே பொழுது சரியாக இருந்தது.

மூடியை மாட்டிய நாளிலிருந்து எல்லா சார்ட்டிலும் கடைசியில் புதிதாக ஒரு மேடு. "பிளான்ட்ல அழுக்கு. கெட்டில் சரியா கழுவல," என்று தீர்ப்பு எழுதினார் அருள்நாதன்.

கெட்டில் என்ற அந்தக் காய்ச்சும் பாத்திரத்தைக் கழுவுகிறவர் தணிகாசலம். வடக்குப்பட்டிலிருந்து சைக்கிளில் வருகிற தற்காலிகத் தொழிலாளி. அந்த மாதம்தான் அவரைப் பெர்மனன்ட் ஆக்குவதாக இருந்தது. காஸ்டிக் சோடா போட்டுத் தேய்த்தார். மேடு போகவில்லை. மறுபடி தேய்த்தார். உள்ளங்கைத் தோல் உரிந்தது. மேடு அப்படியே இருந்தது.

"சார், இன்னா சார் இது? தேச்சிக்கினேதான் கீறேன். இன்னும் அழுக்குன்றீங்களே."

"மெஷின் பொய் சொல்லாது தணிகாசலம்."

திங்கட்கிழமை ஆளை நிறுத்திவிடலாம் என்றார் பலராமன். சனிக்கிழமை அருள்நாதனுக்கு லேசாக உறுத்தியது. சரக்கே எடுக்காமல் வெறும் ஊசியைக் குத்திப் பார்த்தார். மேடு ஜம்மென்று எழுந்து வந்தது. காற்றையும் தணிகாசலமா கழுவாமல் விட்டார்? அருள்நாதனுக்கு ரப்பர்மேல் சந்தேகம் விழுந்தது. பீரோவைத் திறந்து சீமை வில்லையை எடுத்து மாட்டினார். மேடு போன இடம் தெரியவில்லை. புட்டி மூடியைக் குப்பையில் போட்டு, மேலே பழைய பேப்பரையும் போட்டு மூடினார்.

திங்களன்று பலராமன் புது சார்ட்டைப் பார்த்தார். கதவருகே தணிகாசலம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எப்படிப்பா சுத்தமாச்சு?" என்று அருள்நாதனைக் கேட்டார் பலராமன்.

தப்பு ரப்பரில் இருந்தது என்று சொன்னால் தீர்ந்தது. எம்.எஸ்ஸி. படித்த வாய்க்கு அது வரவில்லை.

"இப்பத்தான் சார் ஒழுங்கா கழுவியிருக்கான். வேலைய விட்டு எடுக்க வேணாம் சார். பாவம், குடும்பஸ்தன்."

"உனக்கு இரக்கம் ஜாஸ்தி," என்றார் பலராமன். வேலை தப்பியது. பெர்மனன்ட் மட்டும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று போய்விட்டது.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் தணிகாசலம் ஒரு பை வேர்க்கடலையோடு காத்திருந்தார். உரிந்த கையால் பையைப் பிடிக்க முடியாமல் முழங்கையில் தொங்கவிட்டிருந்தார்.

"நம்ம கொல்லையில வெளஞ்சது சார். நீங்க சொல்லலன்னா வேல போயிருக்கும். இனிமே இன்னும் ஒரு தபா சேத்துக் கழுவிடறேன் சார்."

"அந்தப் பொறுப்பு இருக்கணும்," என்று சொல்லிவிட்டு அருள்நாதன் பையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டார்.