பேர் வெட்டிய எவர்சில்வர் போத்தல்

சைக்கிளுக்கு எவர்சில்வர் போத்தல் லாயக்கா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். கனம். வெயிலில் சுடும். மூடியைத் திருகித் திறக்க இரண்டு கையும் வேண்டும். ஓடுகிற சைக்கிளில் இரண்டு கையையும் விடுவது யாரால் முடியும்? பிளாஸ்டிக் போத்தல் என்றால் ஒரு கையால் பீய்ச்சிக் குடித்துவிடலாம். இதெல்லாம் எங்கள் அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். அப்பாவிடம் யார் சொல்வது?

எழுபதுகளின் கடைசி. சுங்கை பட்டாணி பட்டணத்துக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா பால்மரம் வெட்டினார், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. அண்ணன் பள்ளியை விட்டதும் மருந்தடிக்கும் கும்பலில் சேர்ந்தான். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு, புல்லைச் சாகடிக்கும் விஷ மருந்தை அடிக்கிற வேலை. சில மாதங்களிலேயே அவன் விரல் நகங்கள் வெளிறி உரிய ஆரம்பித்தன. மூக்கிலிருந்து ரத்தம் வரும். சோறு போடும்போது அம்மா அந்த விரல்களைப் பார்ப்பார், பிறகு வேறு பக்கம் பார்ப்பார்.

அவனிடம் இருந்த ஒரே சொத்து அவன் கால்கள். தோட்டத்து மண்சாலையில் சைக்கிளில் அவனை முந்த ஆள் கிடையாது. பட்டணத்தில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலை தனக்கென்று சைக்கிள் குழு சேர்க்கப் பந்தயம் வைத்தது. தஞ்சோங் டாவாய் கடற்கரை வரை போய்த் திரும்ப வேண்டும். முதல் மூன்று பேருக்கு உள்ளே வேலை. அந்த மருந்து டின்னை இறக்கி வைக்க அவனுக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். அதனாலேயே யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வாரம் அப்பா பாசார்ச் சந்தையிலிருந்து போத்தலை வாங்கி வந்தார்.

"கெட்டி சாமான்டா. பிளாஸ்டிக்ல ஊத்துனா தண்ணி நாறும்."

அண்ணன் "சரிப்பா" என்றான். பழைய ட்யூபை வெட்டி, சைக்கிள் சட்டத்தில் அதற்கொரு பிடி கட்டினான். மூடியைத் தளர்வாக வைத்து, ஒரு கையால் திறந்து குடிக்கப் பழகிக்கொண்டான்.

வாங்கியதோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களுக்கு எவர்சில்வர் என்றால் அதில் பேர் வெட்டியாக வேண்டும். பேர் வெட்டாத குடம் அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் திரும்பி வராது. பந்தயத்துக்கு முதல் நாள் அப்பா என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனார். கடை வாசலில் சின்ன உளியும் சுத்தியலுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். போத்தலை விரலால் தட்டிப் பார்த்தார்.

"தகடு லேசுண்ணே. கழுத்துல சின்னதா வெட்டித் தர்றேன்."

"கழுத்துல வெட்டுனா யார் கண்ணுக்குத் தெரியும்? கீழ, வயித்துப் பக்கம் பெருசா வெட்டு தம்பி. இனிஷியலோட."

அவரும் வெட்டினார். புள்ளி புள்ளியாக, முதலில் அப்பாவின் இனிஷியல், அப்புறம் அண்ணனின் பேர். திரும்பும் வழியெல்லாம் அப்பா சீட்டியடித்துக்கொண்டே மிதித்தார். அவர் சீட்டியடித்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

சாயங்காலம் அம்மா பழைய துண்டைக் கிழித்துப் போத்தலுக்கு உறை தைத்தார். உறையை நனைத்துவிட்டால் தண்ணீர் சுடாது என்றார். நல்ல யோசனைதான். வெட்டிய பேர் உறைக்குள் மறைந்துவிட்டதில் அப்பாவுக்குத்தான் வருத்தம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா பூசைக்குப் போகாமல் ஜெபமாலையோடு பந்தயம் முடியும் இடத்தில் வந்து நின்றார். திரும்பி வரும் வழியில் அண்ணன் மூன்றாவதாக வருகிறான் என்று மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் வந்தார், இன்னொருவர் வந்தார், பிறகு யார் யாரோ வந்தார்கள். அண்ணன் லாரியில் வந்தான். வழியில் கண் இருட்டி விழுந்திருக்கிறான். முழங்கை உரிந்து, உதடு வெடித்திருந்தது.

"தண்ணி இருந்துச்சேடா?"

"காலியாயிருச்சுப்பா."

"போத்தல் நெறைய ஊத்துனேனே! மொதல்லயே எல்லாத்தையும் குடிச்சிட்டியா?"

அண்ணன் போத்தலைப் பார்த்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"ஆமாப்பா. தாகம் தாங்கல."

வீட்டுக்கு வந்ததும் அவன் பைப்படிக்குப் போனான். நானும் பின்னால் போனேன். உறையைக் கழற்றி, போத்தலில் தண்ணீர் பிடித்துத் தூக்கிக் காட்டினான். அப்பாவின் இனிஷியலில் ஒரு புள்ளியிலிருந்து தண்ணீர் நூலாக இறங்கியது. உளி தகட்டைத் துளைத்திருந்தது. உறை எப்படியும் ஈரமாகத்தானே இருக்கும், அதனால் ஒழுகுவது யாருக்கும் தெரியவில்லை.

"பாதி வழியில எடுத்துப் பார்த்தா ஒரு வாய்கூட இல்ல. அப்பாகிட்ட சொல்லிடாத."

"ஏண்ணே? உன்னையதானே திட்டுறாரு?"

"திட்டிக்கிட்டுப் போகட்டும். இது தெரிஞ்சா அந்த மனுஷன் சோறு திங்க மாட்டாரு."

அவன் அந்தப் புள்ளியில் ஒரு சொட்டு ரப்பர் பால் வைத்துக் காயவிட்டான். அது உரிந்து வரும்போதெல்லாம் புதிதாக வைப்பான். அந்தப் போத்தலோடுதான் தினமும் மருந்தடிக்கப் போனான். அப்பாவோ தேத்தண்ணிக் கடையிலும் கோயில் வாசலிலும் கிடைத்தவரிடமெல்லாம் சொன்னார்: "நல்ல போத்தலா வாங்கி, பேரும் வெட்டிக் குடுத்தேன். பொறுமை இல்லாத பய, மொதல்லயே குடிச்சுத் தீர்த்துட்டான்." அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில்கூடச் சொன்னார். அண்ணன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குத்தான் வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

எண்பதுகளின் நடுவில் அப்பா நுரையீரல் கெட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு மத்தியானம் அண்ணன் வேலையிலிருந்து நேராக வந்தான், அவனும் இருமிக்கொண்டு. அப்பா தண்ணீர் கேட்டார். அந்தப் போத்தலைத்தான் நீட்டினான். குடித்துவிட்டு அப்பா வெட்டிய பேரைக் கட்டைவிரலால் தடவினார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"என்னாடா இது, ஒட்டுப் போட்டிருக்க?"

"போன மாசம் கீழ போட்டுட்டேன்பா."

அப்பா தலையை ஆட்டினார்.

"இத்தனை வருசம் ஒழைச்சிருக்கு பார்த்தியா. போத்தல் மேல குத்தமில்ல. நீ மட்டும் அன்னைக்குக் கொஞ்சம் பொறுத்துக் குடிச்சிருந்தா..."

போத்தலைத் திரும்ப வாங்கிக்கொண்ட அண்ணனின் நகமில்லாத விரல்களைப் பார்த்தார்.

"ஆமாப்பா," என்றான் அண்ணன்.

அந்த வாரமே அப்பா இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுநாள் காலை, அண்ணன் அந்தப் போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மருந்தடிக்கப் போனான்.