நாரணாபுரத்துத் தாழிகளுக்கு நடந்த கருமாதி

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கேமராவுக்குப் புது பேட்டரி போட்டேன். மூன்று வருடம் அலைந்து, அகழாய்வுக்கான அனுமதி நேற்றுத்தான் கைக்கு வந்திருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி ஷெட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டியபோது ஐந்து முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. போன மாதம் வேலையாட்களிடம், "இது குப்பை இல்ல, நம்ம முன்னோருங்க. பத்திரமாப் பாத்துக்கிடுங்க" என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

இன்று போனால் குழிகள் காலி.

"ஒரு நா முந்தி வந்திருக்கக் கூடாதா டீச்சர்? வடை தீந்துபோச்சே" என்று சிரித்தார், அங்கே சித்தாள் வேலை பார்க்கும் மாரியம்மா.

"தாழியெல்லாம் எங்க?"

"நீங்கதான சொன்னீக, நம்ம முன்னோருன்னு. அம்புட்டு காலமா அனாதையாக் கெடந்திருக்காகளே. எலும்ப எடுத்து எரிச்சு, கம்மாயில கரைச்சுட்டோம். நேத்துக் கருமாதியும் முடிச்சாச்சு."

"பானைங்க?"

"சாவுப் பானைய யாராச்சும் முழுசா வைப்பாகளா? ஒடைச்சாச்சு."

அழுதுவிடுவேன் போலிருந்தது. யாரைத் திட்டுவது? சொன்னவள் நான்.

"ஒண்ணுல மட்டும் கைப்பிள்ள டீச்சர். பிள்ளைய எரிக்கக் கூடாதுல்ல? அந்தா, அந்த வேம்புக்குக் கீழ பொதைச்சுப் பாலூத்துனேன்."

ஆய்வுக்கு மிச்சமிருப்பது அந்தக் குழந்தை மட்டும்தான்.

அதை நான் தோண்டப் போவதில்லை. அறிக்கையில் வேம்பு இருக்காது.

எங்கள் கல்லூரித் துறைத்தலைவருக்கு இன்னும் தெரியாது. அவர் திட்டுவதற்கு முன்னால், நீங்கள் யாராவது வந்து திட்டிவிட்டுப் போங்கள்.