அமலன் அண்ணாவின் க்யூ ஸ்டிக்கில் நான் செதுக்கிய பெயர்

அமலன் அண்ணா போய்விட்டார். நேற்று காலை வேலைக்குக் கிளம்பும்போது ஹார்ட் அட்டாக்காம்... ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வெளிநாடு வந்து, இந்த லிட்கம் வேர்ஹவுஸில் ஆறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் யாழ்ப்பாணம், நான் திருச்சி.

சேர்ந்த புதிதில் ஒருநாள் "பிறகு கதைப்பம்" என்றார். ஏதோ கதை சொல்லப் போகிறார் என்று லஞ்ச் பிரேக் முழுக்கப் பக்கத்திலேயே காத்திருந்தேன். அவர்கள் பேச்சில் கதைப்பது என்றால் பேசுவதாம். அதைச் சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்கில் என்னை ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஷிஃப்ட் முடிந்ததும் பக்கத்து கிளப்பில் பில்லியர்ட்ஸ் மாதிரி எய்ட் பால் ஆடுவோம். அந்தப் பச்சை மேசைக்கு முன்னால் மட்டும் மனுஷன் வாயே திறக்க மாட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன் சொந்தமாக ஒரு க்யூ ஸ்டிக் வாங்கினார். என் வீட்டு கராஜில் ஒரு லேசர் மெஷின் இருக்கிறது. வீக்கெண்டில் கல்யாண கிஃப்ட், சாவிக்கொத்து என்று பெயர் செதுக்கிக் கொடுப்பேன். நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, இந்தப் பிடியில ஒரு டிசைன் போட்டுத் தாறீரே? கரம் போர்டுக்கு நடுவில இருக்கிற பூ. அதுக்குக் கீழ என்ர தம்பியின்ர பேர். நானும் அவனும் கரம் விளையாடித்தான் வளந்தனாங்கள்."

"தம்பி இப்ப எங்க இருக்கார்ணா?"

"தெரியேல்ல. சண்டை நேரம் கூட்டிக்கொண்டு போனவங்கள்... இன்னும் வரேல்ல."

ஸ்டிக்கைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

துண்டுப் பேப்பரில் பெயரை எழுதித் தந்தார். ரொனி. என் மெஷின் தமிழ் எழுத்தைப் பிய்த்துப் போட்டுவிடும், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். இங்கிலீஷில் போடட்டுமா என்றேன். "ஓம், நீரே பாத்துப் போடும்" என்றார்.

இரண்டு ஞாயிறு உட்கார்ந்து செய்தேன். பூவின் ஒவ்வொரு இதழும் அப்படியே வந்திருந்தது. கீழே RONY.

கையில் வாங்கியவர் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "வடிவாயிருக்கு தம்பி" என்றார். கண் கலங்கியிருந்தது. என் கைவேலை அப்படி என்று நினைத்துக்கொண்டேன்...

கிளப்பில் ஒரு வெள்ளைக்காரர் "ஹூ இஸ் ரோனி?" என்று கேட்டார். அண்ணா கொஞ்சம் நிதானித்து "மை பிரதர்" என்றார். பக்கத்தில் நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன்.

இன்று காலை வாட்ஸப்பில் மரண அறிவித்தல் வந்தது. "காணாமல் போன அன்ரனியின் பாசமிகு அண்ணனும்..."

அன்ரனி. வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ஆன்டனி.

நாம் ஆன்ட்டி என்று எழுதுவதை அவர்கள் அன்ரி என்று எழுதுவார்கள். நம் ட-வுக்கு அவர்கள் ர. ஆறு வருஷமாக அவர் மெசேஜில் பார்த்ததுதானே? அந்தத் துண்டுப் பேப்பரில் இருந்தது ரோனி இல்லை. டோனி.

ஸ்பெல்லிங் சரியா அண்ணா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் முட்டாள்தனத்தை என்ன சொல்ல...

அவர் மனைவி மேரி அக்காவுக்கு போன் செய்தேன். துக்க வீட்டில் இதைப் பேசலாமா என்றுகூட யோசிக்கவில்லை.

"அக்கா, அந்தப் பேரை நான் தப்பா போட்டுட்டேன்க்கா."

"ஓம் தம்பி, தெரியும். கொண்டுவந்த அண்டைக்கே காட்டினவர். நீர் பாவம், ரெண்டு கிழமை மினக்கெட்டுச் செய்தனீராம். உமக்குச் சொல்லக் கூடாதெண்டு என்னட்டையும் சொல்லிப்போட்டார்."

"வேற ஒண்ணு புதுசா செஞ்சு தர்றேன்க்கா. அண்ணாவோட பெட்டிக்குள்ள வைக்கவாவது..."



"வேண்டாம் தம்பி. அவனுக்கு ஒரு கல்லறை இல்லை. பிழையோ சரியோ, அவன்ர பேர் வெட்டியிருக்கிற இடம் இது ஒண்டுதான். இதைப் பெட்டிக்குள்ள வைக்கேலாது. நான் வச்சிருக்கப் போறன்."

போய் வாருங்கள் அமலன் அண்ணா.

டோனி அண்ணா... எங்கே இருந்தாலும், என்னை மன்னித்துவிடுங்கள்.