ஒரே சாக்கெட்டில் வேலூரும் மைசூரும்

தொண்ணூறுகளின் கடைசியில், தொம்மலூர் அலுவலகத்தில் பஸ் முன்பதிவு மென்பொருள் எழுதினோம். திரையில் இரண்டு ஜன்னல்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்ட ஒரு த்ரெட். சர்வரோடு பேச ஆளுக்கொரு சாக்கெட், அதாவது தனி இணைப்பு, வேண்டும் என்றேன்.

"எதுக்குப்பா ரெண்டு? ஒண்ணே தாராளம்" என்றார் டீம் லீடர், தனக்குப் புரியாததைச் சிக்கனம் என்று விற்கத் தெரிந்த மேதை. எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை, ஒரே சாக்கெட்டை வைத்தே எழுதிக் கொடுத்தேன்.

மென்பொருளை வாங்க வந்த பஸ் முதலாளியின் கண்முன்னே, ஒரு ஜன்னலுக்கு வந்த பதிலை மற்றது பிடுங்கிக்கொண்டது. திரையில் வேலூர் பஸ்ஸில் மைசூர்ப் பயணிகள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

"நெட்வொர்க் ப்ராப்ளம் சார்" என்றார் லீடர்.

"ஏன், உங்க நெட்வொர்க்குக்கு வேலூர் எந்தப் பக்கம்னு தெரியாதா?" என்று முதலாளி எழுந்தார்.

லீடர் என்னைப் பார்த்தார்.

"ஆமா சார், நெட்வொர்க்தான்" என்றேன்.

மறுவாரமே என்னை நிரந்தரமாக்கினார்கள். தன்னைவிட மட்டமான ஒருவன் கிடைத்த திருப்தி லீடருக்கு.