சாயம் போகாத காலுறை

இரண்டாயிரமாவது ஆண்டு, புரட்டாசி: அமெரிக்காவில் மகன் வீட்டுக்கு அருகே மலையேற்றம். ஐப்பசி: ஊர் திரும்பினோம், வலக்கால் மெட்டி விரலின் அடியில் புண் கண்டறியப்பட்டது. கார்த்திகை: தஞ்சாவூரில் விரல் அகற்றப்பட்டது. மார்கழி: முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டது. தை: என் மனைவி காலமானாள்.

மலையேறிய அன்று அவள் அணிந்திருந்த காலுறைகள் என்னிடம் இருக்கின்றன. தடித்த கம்பளி, வண்டல் நிறம். மயிலாடுதுறைப் பக்கத்தில் பிறந்து, ஆற்றங்கரை மேட்டைத் தவிர வேறு மேடு ஏறியிராதவள் அவள். வரப்பில் செருப்பில்லாமல் நடந்து பழகிய பாதங்கள் சர்க்கரை நோயால் உணர்விழந்து வந்தன; சமதரையில் அது எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கணிப்பொறி வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட மகன், விடுமுறைகளில் தான் ஏறும் மலையைத் தாய்க்குக் காட்ட விரும்பினான். அவளுடைய ஆசையும் அதுவே: தொலைபேசியில் மட்டும் கேட்டுவந்த அவன் வாழ்க்கைக்குள் ஒருமுறை தன் காலால் நடந்து பார்ப்பது.

கடையில் நெடுநேரம் தேர்ந்தோம். பருத்தி வியர்வையில் ஊறிக் கொப்புளம் உண்டாக்கும், ஆகவே கம்பளி. குதிகாலில் சுருக்கம் விழக் கூடாது. பூட்ஸின் விளிம்புக்கு மேலே நிற்க வேண்டும். எல்லாம் சரிபார்த்தபின், சர்க்கரை உள்ளவர்களுக்கு வெள்ளைதான் நல்லது, புண் பட்டால் உடனே தெரியும் என்று மகன் ஒரு வெள்ளை ஜோடியை எடுத்து நீட்டினான்.

“வெள்ளைய யாருடா தோய்க்கிறது? நீ தோய்ப்பியா?”

அழுக்குத் தெரியாத நிறமே நல்ல நிறம் என்பது எங்கள் வீடுகளில் விவாதத்துக்கு அப்பாற்பட்டது. மெட்டியையாவது கழற்றிவிடச் சொன்னான்.

“உங்கப்பா எதிர்ல குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரு. பேச்சப் பாரு.”

மெட்டியின் மேலேயே காலுறையை இழுத்துவிட்டாள். உச்சி வரை ஏறினாள். பாறையில் அமர்ந்து கீழே பார்த்து, எல்லாம் நாற்றங்கால் மாதிரி இருக்கிறது என்று மகனிடம் சொல்லிச் சிரித்தாள். அவன் அவள் தோளைப் பற்றிக்கொண்டு நின்றான்.

மாலையில் அவளே காலுறைகளை வாளியில் ஊறவைத்தாள். தண்ணீர் சிவந்தது.

“சாயம் போவுதுங்க. இவ்ளோ பெரிய கடையில இதான் சரக்கா?”

அவளுக்கு வலி இல்லை. மூவரும் சிரித்தோம்.

ஊரில் மருத்துவர் அவள் விரலைப் பார்த்த அன்று, வீடு திரும்பியதும் அதே காலுறைகளை நான் மீண்டும் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

இன்னும் செய்யாதவை:

அறுவைக்கு முன் வெட்டியெடுத்துத் தந்த மெட்டியைக் காவிரியில் விடுவது.

மகன் ஆண்டுதோறும் எனக்கு அனுப்பும் வெள்ளைக் காலுறைகளில் ஒரு ஜோடியையேனும் பிரிப்பது.

“நான் மலைக்குக் கூப்பிடாம இருந்திருந்தா, அப்பா?” என்று ஒவ்வொரு திதியன்றும் கேட்கிறவனுக்கு, அந்தத் தெளிந்த தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல், ஒரு பதில் சொல்வது.